ஐஸ் வாளியில் ஐந்து நிமிடம்

டாக்டர் தாமோதரனுக்கு வலியைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு. தோலுக்கடியில், நரம்பு முனையில் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. குளிரோ சூடோ அளவு மீறினால் முதலில் கத்துவது அதுதான். அந்தக் கத்தல் மூளைக்குப் போனால்தான் நமக்கு வலி. அதன் வாயை அடைக்க மருந்து கண்டுபிடிப்பது அவருடைய லட்சியம். மருந்தும் வந்தபாடில்லை, ஒப்பந்த வேலையும் இந்த மாதத்தோடு முடிகிறது. புதிதாக எதையாவது காட்டினால்தான் நீட்டிப்பு என்று ஆய்வக இயக்குநர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மனிதருக்கு வடசென்னைக் கல்மண்டபம் பகுதி ஞாபகம் வந்தது. பிறந்து வளர்ந்தது எம்.கே.பி. நகர், இப்போது யாராவது சொந்த ஊரைக் கேட்டால் 'நார்த் சைடு' என்று மென்று விழுங்குவார். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இறால் உரிக்கும் ஷெட்டுகளில் பெண்கள் நாளெல்லாம் ஐஸில் கை வைத்திருப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். நேரே போய் ஒரு ஷெட்டின் சூப்பர்வைசர் சவரிநாதனைப் பிடித்தார். தங்கமான மனுஷன் சவரிநாதன். ஒரே மணி நேரத்தில் இருபத்திரண்டு பெண்களை வரிசையாக உட்கார வைத்து, சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டார். 'விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. படிக்கத்தான் யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை.

சோதனை சுலபம். ஐஸ் தண்ணீர் வாளியில் கையை விட வேண்டும், தாங்க முடியாதபோது எடுத்துவிடலாம். ஆய்வகத்துப் பிள்ளைகள் நாற்பது நொடியில் 'ஐயோ அம்மா' என்று துள்ளினார்கள். இங்கே ஐந்து நிமிடம் ஆகியும் ஒருத்திகூடக் கையை எடுக்கவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு இருபத்திரண்டு பேரும் "இல்ல சார்" என்றார்கள். தாமோதரனுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் எங்குமே இல்லாத ஏற்பி வடசென்னையில் இருக்கிறது! இயக்குநர் காதில் போட்டார். அவரோ அன்றைக்கே கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டு, பத்திரிகைக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்.

அன்று அந்தப் பெண்களிடம் எடுத்த ரத்தத்தின் மரபணு முடிவு புதன்கிழமை வந்தது. உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே ஏற்பிதான் அத்தனை பேருக்கும்.

அடித்துப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார். சவரிநாதன் சாப்பிடப் போயிருந்தார். அன்றைக்கு வரிசையில் முதலில் உட்கார்ந்த அடைக்கலமேரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அன்னிக்கு நிஜமாவே வலிக்கலையா?"

"வலிக்காம? உசுரே போயிடுச்சு சார்."

"அப்புறம் ஏம்மா கையை எடுக்கல? இதை நம்பித்தான் என் வேலையே இருக்கு. இந்த மாசத்தோட வீட்டுக்கு அனுப்பிடுவாங்க!"

"இன்னா சார் பேசற நீ? அன்னிக்கு சூப்ரவைசரு பின்னாடியே நின்னுகினு இருந்தாரு. போன வருசம் ஜானட்டு, வெரலு மரத்துப் போச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா. மறுநாளே வரவேணாம்னுட்டாங்க. இதுல நீ வேற பேப்பரும் பேனாவுமா வந்து குந்திகினே. எவ எடுப்பா?"

ஐஸ் எத்தனை டிகிரி என்று பத்து தடவை பார்த்தவர், பெண்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?

"கிளவுஸ் குடுங்கன்னு ஆறு மாசமா கேட்டுகினு கீறோம் நைனா," என்றாள் அவள். "கை வலிக்குதுன்னு உன் பேப்பர்ல எழுது. டாக்டரு எழுதினா குடுத்துதான ஆவணும்."

"எழுதறேம்மா. கண்டிப்பா எழுதறேன்," என்றார். அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னார், பாவம்.

மறுநாள் இயக்குநர் அறை. மேஜையில் நீட்டிப்புக் கோப்பு திறந்து கிடந்தது. இயக்குநர் பேனா மூடியைக் கழற்றினார்.

"ஜீன்ல ஒண்ணும் இல்லையாமே? அதைப் பின்னாடி பார்த்துக்கலாம். அந்தப் பொம்பளைங்களுக்கு வலிக்காதுங்கறது உறுதிதானே? ஏதாவது ஆட்சேபம் இருந்தா தாராளமா சொல்லுங்க தாமோதரன்."

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. முகத்தில் ஒரு சுளிப்பில்லை.

"இல்ல சார்," என்றார்.

சனிக்கிழமை பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது. திங்கட்கிழமை மத்தியானம், சம்மதப் படிவத்தில் இருந்த நம்பரைப் பார்த்து அடைக்கலமேரி போன் போட்டாள்.

"சூப்ரவைசரு அந்தப் பேப்பர வெட்டி செவுத்துல ஒட்டிகீறாரு சார். உங்களுக்குத்தான் வலிக்காதாமே, கிளவுஸ் எதுக்குன்றாரு."

தாமோதரன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"சரி வுடு. உன் வேல இன்னா ஆச்சு? இன்னும் கீதா, போச்சா?"

"இருக்கும்மா. மூணு வருஷம் நீட்டிச்சிருக்காங்க."

"அதான பாத்தேன்," என்றாள் அடைக்கலமேரி. "நீயும் வாளியிலேர்ந்து கைய எடுக்கல."