மௌனிகா எடுத்த புத்தகம்

முப்பத்து மூன்று வயதுக்குள் முஹ்சினா நான்கு வேலைகளை விட்டிருந்தாள். தையல், அழகு நிலையம், நர்சரி பள்ளி, கடைசியாகக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கம்ப்யூட்டர் மையம். சோம்பல்பட்டு எதையும் விட்டவள் இல்லை. வேலை கைக்குப் பழகியதும் மனசு ஓரிடத்தில் நிற்காது, அவ்வளவுதான். இடைப்பட்ட நாளெல்லாம் கணவன் நூர்தீனின் செருப்புக் கடையில் நின்றாள்.

நூலகர் படிப்பில் சேர நினைப்பவர்கள், விண்ணப்பம் போடுமுன் நான்கு நாள் ஒரு நூலகரோடு கூடவே இருந்து வேலையைப் பார்க்கலாம் என்ற அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. "இதாச்சும் நிலைக்குமா?" என்று நூர்தீன் கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

எருத்தேன்பதியில் நூலகத்தை வாயனசாலை என்பார்கள். அதன் நூலகர் ஜெஸ்னாவுக்கு இருபத்தாறு வயது. சூரியநெல்லி எஸ்டேட்டில் பிறந்து, வேலை கிடைத்து இந்தச் சமவெளி வெயிலுக்கு இறங்கி வந்தவள். முதல் நாள் அவள் புதுப் புத்தகங்களுக்கு எண் போட்டு, முதுகில் சீட்டு ஒட்டினாள். முஹ்சினா அதற்குள் மூன்று தடவை நாளிதழ்களை அடுக்கி, இரண்டு அலமாரிகளைத் துடைத்து, ஜன்னல் கொக்கியைச் சரிசெய்திருந்தாள்.

"பாக்கத்தான வந்திருக்கீக. கொஞ்சம் உக்காந்து பாருங்கக்கா" என்றாள் ஜெஸ்னா.

"உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துருமுங்க."

இரண்டாம் நாள் மத்தியானம், வாயனசாலைக்கு வர முடியாத பெண்களுக்கு வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோகும் முறை. ஜெஸ்னா இரண்டு பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, "யாராச்சும் வந்தா அஞ்சு மணிக்கு வரச் சொல்லுங்க, போதும்" என்று சொல்லிப் போனாள்.

வந்தவர் கந்தப்பன். தென்னந்தோப்புக்காரர். நூர்தீன் கடைக்கு வருஷக்கணக்காக வருகிறவர். முஹ்சினாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏனம்மணி, நீ இங்கியா?"

"வாங்கண்ணா. வேலை பழகறனுங்க."

அவர் அங்குமிங்கும் பார்த்தார். சாதாரணமாகத்தான் கேட்டார். "நம்ம பொண்ணு மௌனிகா இங்க வந்து போகுதாமா? சித்தூர் ஆஸ்பத்திரியில வேலை முடிஞ்சு லேட்டா வருது. கேட்டா வாயனசாலைங்குது."

கடையில் இருந்தால், போன தடவை யார் எந்த அளவு செருப்பு வாங்கினார்கள் என்று முஹ்சினா கேட்காமலே சொல்லுவாள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. மேசைமேல் பதிவேடு திறந்தே இருந்தது. விரலை ஓட்டிப் பெயரைக் கண்டுபிடித்தாள்.

"வருதுங்ண்ணா. ஜெர்மன் பாஷை புக்குங்க. மூணு மாசமா அதே புக்குத்தான், திரும்பத் திரும்பப் புதுப்பிச்சிருக்குது. நல்லா படிக்கிற புள்ளைங்க."

"ஜெர்மனுங்களா?" என்றார் கந்தப்பன். அதுவரை ஒருமையில் பேசியவர் திடீரென்று 'ங்க' போட்டது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. "செரி, வர்றேன்" என்று படியிறங்கிப் போனார்.

ஐந்து மணிக்கு வந்த ஜெஸ்னாவிடம் முஹ்சினா இதை உற்சாகமாகவே சொன்னாள். ஜெஸ்னா பைகளைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்குத் தையில கல்யாணம் பேசி வச்சிருக்காக. அவ ஜெர்மனிக்கு நர்சு வேலைக்குப் போகணும்னு யாருக்கும் தெரியாமப் படிச்சிட்டிருந்தா. யாரு என்ன படிக்காகன்னு நம்ம வாயில இருந்து வரவே கூடாதுக்கா."

"பெத்த அப்பனுங்க அவரு."

"அப்பாவா இருந்தாலுந்தான்." பிறகு மெதுவாக, "முதல் நாளே இதச் சொல்லியிருக்கணும். ஏட்டையும் தெறந்து போட்டுட்டுப் போயிட்டேன். தப்பு என்னோடது" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் முஹ்சினாவுக்குப் பதில் பேச வாய் இருந்திருக்கும்.

மறுநாள் வாயனசாலை திறந்ததுமே கந்தப்பன் வந்தார். புத்தகத்தையும் மௌனிகாவின் உறுப்பினர் அட்டையையும் மேசைமேல் வைத்தார். "இனி வேண்டாமுங்க" என்று ஜெஸ்னாவிடம் சொன்னார். முஹ்சினாவின் பக்கம் திரும்பியபோது அவர் கண்ணில் கோபம் இல்லை. "ஒத்தப் புள்ளையம்மணி" என்று மட்டும் சொன்னார்.

முஹ்சினாவால் அங்கே இருக்க முடியவில்லை. ஜெஸ்னா வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் மௌனிகாவைத் தேடிச் சித்தூர் பஸ் ஏறினாள். பஸ்ஸிலும் உட்கார இடமிருந்தும், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள்.

மௌனிகா ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைத் துணி காயும் இடத்தில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. முஹ்சினா சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேலை பழகறீங்களா?" என்றாள் மௌனிகா. "பழகறதுக்கு நாந்தான் கிடைச்சனுங்களா?"

"தப்புத்தானுங்க. அப்பாகிட்ட வேணும்னா நான் வந்து பேசறேன்..."

"இன்னும் பேசணுங்களா? போதுமுங்க."

டிபன் டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள். கதவு வரை போனவள் அங்கேயே நின்றாள். "பதினொரு நாள்ல கொச்சியில பரீட்சை. போனையும் ஊட்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க. கடைசி நாலு பாடம் இன்னும் தொடவே இல்லைங்க."

சாயங்காலம் முஹ்சினா தன் பெயரில் உறுப்பினராகச் சேர்ந்து, அந்த ஜெர்மன் புத்தகத்தைக் கேட்டாள். ஜெஸ்னா பதிவேட்டில் எழுதி நீட்டினாள். எதற்கு என்று கேட்கவில்லை.

அடுத்த பத்து நாளும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முஹ்சினா சித்தூருக்குப் போய் வந்தாள். மௌனிகா ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே படிப்பாள். அரைமணி நேரம் கழித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. முஹ்சினாவும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும் மௌனிகா, முஹ்சினாவுக்குப் புரியாத அந்தப் பாஷையில் கேள்விகளைப் படித்துக் கேட்கச் சொன்னாள். முஹ்சினா உச்சரித்ததைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பரீட்சை அன்று அவள் எப்படிக் கொச்சி போனாள் என்பது முஹ்சினாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. கந்தப்பனே கூட்டிப் போயிருந்தார். முந்தின நாள் மகள் நேருக்கு நேர் நின்று கேட்டிருக்கிறாள். அவள் எழுதி முடிக்கும்வரை வாசலில் நான்கு மணி நேரம் நின்றிருந்தாராம். மூன்று பகுதிகளில் தேறி, பேச்சுத் தேர்வில் மட்டும் தவறிவிட்டாள். திரும்ப எழுதலாம். தைக் கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. நிற்கவில்லை. அதற்குள் என்ன ஆகுமென்று யாருக்கும் தெரியாது.

முஹ்சினாவின் நான்கு நாட்களுக்கும் ஜெஸ்னா சான்று எழுத வேண்டியிருந்தது. "நடந்ததையும் எழுதீருங்க" என்றாள் முஹ்சினா.

"எழுதுனா அந்தப் பிள்ளை பேரும் வரும்லக்கா" என்ற ஜெஸ்னா, 'நான்கு நாளும் வந்தார்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. கடையில் ஒருநாள் நூர்தீன் செருப்புப் பெட்டிகளை அடுக்கியபடி கேட்டான். "கந்தப்பண்ணன் நம்ம பக்கமே வரதில்ல. ஏதாச்சும் உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

அவன் அடுக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"ஆனா சொல்ல முடியாதுங்க."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவனிடம் இப்படிச் சொன்னதில்லை. அவன் பெட்டியைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தான். அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு வந்து, வெயிலில், பஸ் ஏதும் வராத ரோட்டைப் பார்த்தபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.