மேரியின் இடுப்பில் பியூஸ் கட்டை

விடியற்காலை ஐந்தரைக்கே கரண்ட் போய்விட்டது. ஆம்பூரை ஒட்டிய அந்தத் தோல் ஷெட்டில், 2008-இல் அது தினசரிக் கூத்து. எட்டுப் பேர் மர டிரம்மின் வெளிப்புற முளைகளைப் பிடித்துக் கையாலேயே தள்ளிச் சுழற்றினார்கள். உள்ளே சாயத் தண்ணீரில் ஆட்டுத்தோல்கள். டிரம் நின்றால் சாயம் திட்டுத்திட்டாகப் படிந்து லோடு பாழாகும். ஆரோக்கியமேரிக்கு உள்ளங்கை எரிந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் திரும்பியது.

டிரம் உறுமிச் சுழன்றது. ஏழு பேர் துள்ளி விலகினார்கள். சாமுவேலின் சட்டைக் கை மட்டும் முளையில் மாட்டிக்கொண்டது. மேரி பாய்ந்து சுவரிலிருந்த பியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். டிரம் நிற்பதற்குள் அவன் கை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது.

கையால் தள்ளும்போது பியூஸைப் பிடுங்கக் கூடாதென்பது முதலாளி ஜான்சனின் கட்டளை. கரண்ட் வந்த நொடியே டிரம் ஓட வேண்டும் அவருக்கு.

சாமுவேலை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் ஜான்சன் வந்தார், கையில் மடித்த பேப்பரோடு. தெற்கே அணு உலை எழும்புகிறது, இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட், அப்புறம் டிரம்மில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை என்று பிரசங்கம் செய்தார்.

"இன்னும் ஒரு வருஷம். அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க," என்றாள் தோல் உலர்த்தும் முனவ்வர் பேகம். "அது வர்றதுக்குள்ள இன்னும் எத்தினி கை வேணும் உங்களுக்கு?"

"கட்டையக் குடு மேரி. தோல் வீணாவுது."

மேரி கட்டையை இடுப்பில் செருகினாள். "உலை வந்தா மட்டும் இன்னா சார்? அதுக்குள்ள பூந்து நீங்களா கழுவப் போறீங்க? அங்கயும் ஒரு சாமுவேலத்தான் அனுப்புவாங்க."

ஜான்சனின் முகம் சிவந்தது. அவர்களுக்குப் பதிலாகப் பேரணாம்பட்டிலிருந்து ஒரு பஸ் ஆளை இறக்குவதாக மிரட்டினார்.

"கூட்டியாங்க," என்றாள் முனவ்வர். "அவங்களுக்கும் ரெண்டு கைதான். எப்டி ஒடிஞ்சதுன்னு நாங்களே சொல்றோம்."

சாமுவேலுக்கு வைத்தியமும் கூலியும் வேண்டும். இனிக் கையால் தள்ளும்போது பியூஸ் கட்டை தள்ளுகிறவர் கையில் இருக்கும். இரண்டையும் மேரி ஒருமுறைதான் சொன்னாள். ஜான்சன் பேரணாம்பட்டுக்குப் போன் போட்டார்.

கரண்ட் இருந்தது. டிரம் நின்றது. ஏழு பேரும் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். பக்கத்து ஷெட்டிலிருந்து ஒவ்வொருவராக வேலி தாண்டி வந்தார்கள். முதலில் வந்தவன் கையில், பிடுங்கிய இன்னொரு பியூஸ் கட்டை.