அறுத்த சுரங்கம்

தையல் மெஷின் மெக்கானிக்கின் வீட்டுக் கூடத்தில் சுரங்கத்துக்குள் நுழைந்த பொம்மை ரயில், இரண்டு தெரு தள்ளி அவனுடைய அக்காவின் சமையலறையில், சாப்பாட்டு மேஜைக்குக் கீழே வெளியே வந்தது. போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். பதினோரு ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது.

அப்பா இறந்தபின் அவர் விட்டுப்போன ரயிலை இருவரும் பங்கு பிரித்தார்கள். தண்டவாளம் ஆளுக்குப் பாதி. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் வைத்த மின்சாரப் பெட்டி ஆளுக்கு ஒன்று. எஞ்சினும் ஒரு திறந்த சரக்கு வண்டியும் தம்பிக்கு, மற்ற வண்டிகள் அக்காவுக்கு. காகிதக் கூழில் அப்பா செய்த சுரங்கம் மட்டும் ஒன்றுதான் இருந்தது. யாரும் விட்டுக்கொடுக்காததால் அதை ரம்பத்தால் நடுவே அறுத்தார்கள். ஆளுக்கொரு வாய் கிடைத்தது. அறுத்த பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டார்கள். அதன்பின் பேச்சுவார்த்தை இல்லை. சண்டை சுரங்கத்துக்காக அல்ல. அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள், இரவுப் பணி. அப்பாவுக்கு ஒரு நண்பகலில் மூச்சுத் திணறியபோது, இரவெல்லாம் நின்றவள் தூங்கட்டும் என்று தம்பி அவளை எழுப்பவில்லை. அவள் விழித்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “என்னை எழுப்பியிருக்கலாம்ல?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். 

ஆனால் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அவன் குமிழைத் திருப்புவான். சரக்கு வண்டியில் ஏதாவது இருக்கும்: ஒரு கை வறுத்த கடலை, அவள் மூக்குக்கண்ணாடிக்கு ஏற்ற திருகாணி, இருமல் மாத்திரை. அவள் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு எதையாவது வைத்து, தன் குமிழைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒரு துண்டுச் சீட்டுகூடப் போனதுமில்லை, வந்ததுமில்லை. “நடந்தா நாலு நிமிஷம், ரயில்ல இருபது நிமிஷம். நல்ல குடும்பத்துல வந்து வாக்கப்பட்டேன்” என்பாள் மெக்கானிக்கின் மனைவி.

பன்னிரண்டாம் ஆண்டு தம்பியின் மின்சாரப் பெட்டி புகைந்து செத்தது. அந்த மாதிரிப் பெட்டி இப்போது வருவதில்லை, எஞ்சினை டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள் என்றார் கடைக்காரர். பழைய முறையில் தண்டவாளத்தில் வரும் மின்சாரம் கூடினால் எஞ்சின் வேகமெடுக்கும், குறைந்தால் தளரும். புதிய முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். எஞ்சினுக்குள் நகம் அளவில் ஒரு சர்க்யூட் உட்கார்ந்திருக்கும். தனக்குக் கொடுத்த எண்ணுக்குக் கட்டளை வந்தால்தான் அது எஞ்சினை நகரவிடும். அவன் புதிய பெட்டியும் சர்க்யூட்டும் வாங்கிவந்து எஞ்சினைத் திறந்தான். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் ஒன்று எஞ்சினின் இரும்பு உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிரிக்காமல் இணைத்ததில் முதல் சர்க்யூட் கருகியது. மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டு, “சமையல் ஆச்சா?” என்று கேட்டாள். இரண்டாவது சர்க்யூட் வந்ததும் பிரஷுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுப் பொருத்தினான். இதற்குள் மூன்று ஞாயிறுகள் போய்விட்டன. கூடவே ஒரு முன்ஜாக்கிரதையும் செய்தான். பழைய முறை மின்சாரம் பட்டால் எஞ்சின் தலைதெறிக்க ஓடக்கூடும், ஆகவே அதில் ஓடும் வசதியை அணைத்துவிடவும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அணைத்தான். அக்கா வீட்டில் இருப்பது பழைய பெட்டி என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

நான்காவது ஞாயிறு எஞ்சின் சத்தமே இல்லாமல் சுரங்கத்துக்குள் போனது. பதற்றத்தில் வண்டியில் எதையும் வைக்க மறந்திருந்தான். மூன்று வாரமாக இரவுப் பணி முடிந்து வந்தும் தூங்காமல் மேஜைக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முன்னால், எஞ்சின் மூக்கை மட்டும் நீட்டி நின்றுவிட்டது. குமிழை முழுக்கத் திருப்பினாள். அசையவில்லை. கையால் வெளியே இழுத்துப் பார்த்தாள், வண்டி காலி. அனுப்பிய கைக்கு என்ன ஆயிற்றோ? யாராவது வந்து சொல்லட்டும் என்று இந்த முறை அவள் காத்திருக்கவில்லை. எஞ்சினைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜோடி மாறிய செருப்புகளை மாட்டிக்கொண்டு, இரண்டு தெருவையும் ஓடியே கடந்தாள்.

கதவைத் திறந்தது தம்பிதான், கையில் ஸ்குரூடிரைவரோடு.

“உனக்கு ஒண்ணும் இல்லையேடா?”

“எனக்கென்னக்கா, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

“அப்புறம் ஏன் இது நின்னுச்சு?”

எஞ்சினை வாங்கிப் புரட்டிப் பார்த்தவனுக்கு அப்போதுதான் விளங்கியது. “உன் வீட்டு கரன்ட் இதுக்குப் புரியலக்கா. ஒரு செட்டிங்கை மாத்தணும். ரெண்டு நிமிஷ வேலை.”

“அப்ப மாத்து.”

அவன் மாற்றவில்லை. எஞ்சினை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். “அன்னிக்கு உன்னை எழுப்பியிருக்கணும்க்கா” என்றான்.

அவள் செருப்புகளைக் கழற்றி வாசலில் விட்டாள். பிறகு, “ஓடி வந்தேன்டா. தண்ணி குடு” என்றாள். மனைவி அதற்குள் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

அந்த செட்டிங் இன்றுவரை மாற்றப்படவில்லை. அடுத்த வாரம் மாற்றுகிறேன் என்பான். அவளும் சரி என்பாள். ஞாயிறுதோறும் எஞ்சின் போய் மேஜைக்கடியில் நிற்கிறது, அவள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறாள். முழங்கால் வலி வந்தபின் நான்கு நிமிடம் ஏழாகிவிட்டது. அறுத்த சுரங்கத்தின் இரண்டு பாதிகளுக்கு நடுவே அந்த இருபது நிமிடம் ரயில் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. சில ஞாயிறுகளில் எஞ்சினின் கூரை மழையில் நனைந்திருக்கும், வெளியே நல்ல வெயிலடிக்கும். அக்கா அதைத் துண்டால் துடைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவாள்.