மெல்ல அழுத்தினால் வரும் குரல்

குறை சொல்வதுதான் என் தொழில். கீபோர்டு, கிடார், ஒலிபெருக்கி என்று எது புதிதாகச் சந்தைக்கு வந்தாலும் கடைக்காரர்கள் ஒன்றை என்னிடம் அனுப்பிவைப்பார்கள். நான் வாசித்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று ஓர் இசைப் பத்திரிகையில் எழுதுவேன். கல்யாணமான புதிதில் என் சமையலுக்கும் இவர் இப்படித்தான் மதிப்பெண் போட்டார் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி சொல்வாள். அது பொய். மனதுக்குள்தான் போட்டேன்.

அந்த மாதம் வந்தது ஒரு ஒர்க்ஸ்டேஷன். பியானோ, வயலின், மேளம், கோரஸ் என்று நூற்றுக்கணக்கான ஒலிகள் ஒரே பெட்டிக்குள் அடங்கிய கீபோர்டு. வாசிப்பதை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துகொண்டே போய், ஒற்றை ஆளாக ஒரு முழுப் பாட்டைக் கட்டிவிடலாம். வழக்கமாகப் பெரிய ஸ்டூடியோக்காரர்கள்தான் இதையெல்லாம் வாங்குவார்கள். இதுவோ சாதாரணக் குடும்பமும் கடையில் நின்று விலை கேட்கக்கூடிய ரகம். மலிவு என்றாலே என் பேனா துள்ளும்.

முதலில் மின்சாரம் கொடுக்காமலே வாசிப்பது என் பழக்கம். சத்தம் வந்துவிட்டால் காது விரலை ஏமாற்றிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். உள்ளே சாதாரண ஸ்பிரிங்தான். கட்டையின் நுனியில் அழுத்தினால் வெண்ணெய். உள்தள்ளி அழுத்தினால் பிடிவாதம். வேகமாகத் தட்டினால் அடியில் பிளாஸ்டிக் டொக்கு டொக்கென்றது. பிறகு மின்சாரம் கொடுத்து ஒலியைக் கேட்டேன். பியானோ பரவாயில்லை. வயலின்கள் கும்பலாக வந்தால் அழகு, தனியாக வந்தால் அழுகை. டிரம்பெட்டுக்கு ஜலதோஷம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலி, ஓங்கித் தட்டினால் உரத்த ஒலி. நல்ல கீபோர்டில் இரண்டுக்கும் நடுவே விரல் உலவ நிறைய இடமிருக்கும். இதில் மெல்லிய ஒலிக்கு விட்டிருந்த இடம் மயிரிழை அகலம்தான். கொஞ்சம் வேகம் கூடினால் உரத்த ஒலி மேலே பாய்ந்தது. கொஞ்சம் குறைந்தால் ஒன்றுமே வரவில்லை. இதைத்தான் கட்டுரையின் முதல் பத்தியில் போட்டுச் சாத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பெண்கள் கோரஸ் என்ற ஒலிக்கு வந்தேன். வார்த்தை கிடையாது, வெறும் 'ஆ'. பல தடவை முயன்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கீழ்க்கட்டை ஒன்றை மெல்ல இறக்கினேன். மெல்லிய ஒலி வந்தது.

வாசலில் நிழல் தெரிந்தது. என் மாமியார் நின்றிருந்தார். பாதி மடித்த துண்டு ஒன்று கையில் தொங்கியது.

என் மாமியாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷங்கள் ஸ்டூடியோக்களில் கோரஸ் பாடியவர். பாட்டில் நாயகிக்குப் பின்னால் 'ஆ ஆ' என்று வருமே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஆறு பெண்கள் ஒரே மைக்குக்கு முன்னால் அரைவட்டமாக நிற்பார்களாம். இவர் கீழ்ஸ்தாயி என்பதால் கூட்டத்தில் இவருக்கு 'மந்தரம்' என்று பெயர். எங்களோடு வந்து இருக்க ஆரம்பித்த பிறகு என் சோதனைகளை அவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. மாப்பிள்ளை வேலை செய்கிறாரா, விளையாடுகிறாரா என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டதோடு சரி.

"மாப்பிள்ளை, அந்தக் கட்டையை இன்னொரு தடவை அழுத்துங்க," என்றார்.

அழுத்தினேன். விரலின் வேகம் கொஞ்சம் கூடி, கூட்டக் குரல் பாய்ந்து வந்தது. இது இல்லை, முன்னால் வந்தது என்றார். மறுபடி முயன்றேன். நாலைந்து தடவைக்குப் பிறகு அது வந்தது. சின்ன வயசுப் பெண் ஒருத்தியின் குரல். சுருதிக்கு நேராக வந்து நிற்காமல், ஒரு நூல் கீழேயிருந்து தொட்டு ஏறியது.

"இது நான்தான்," என்றார்.

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் முகத்தில் பெருமை இல்லை; கண்ணாடியில் யாரையோ பார்த்துவிட்டவர் போலிருந்தார். துண்டோடு கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். ஒருமுறை ஸ்டூடியோவுக்கு ஆறு பேரையும் கூப்பிட்டிருந்தார்களாம். பாட்டும் இல்லை, இசையமைப்பாளரும் இல்லை. காதில் ஹெட்போன் மாட்டிய ரெண்டு பேர் மட்டும் இருந்தார்கள். ஒருவர் கையைத் தூக்குவார். கையை இறக்கும்வரை ஒரே சுரத்தில் 'ஆ' என்று நிற்க வேண்டும். அடுத்து அரைச் சுரம் மேலே. முதலில் எல்லாரும் சேர்ந்து உரக்க. பிறகு மெல்ல. மெல்லப் பாடும்போது மூச்சு நடுங்குகிறது என்று நாலு பேரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். மீதியைப் பாடியது இவரும், மேல்ஸ்தாயி என்பதால் 'உச்சி' என்று பெயர் வாங்கியிருந்த இவருடைய தோழியும் மட்டும். கீழ்ப்பாதி இவர், மேல்பாதி உச்சி. எதற்கு என்று கேட்டதற்கு, ஏதோ மெஷினுக்கு என்றார்களாம். சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததோடு மறந்தும்போயிற்று.

"கீழேயிருந்து தொட்டு ஏறாதேன்னு என்னைத் திட்டாத ஆளே கிடையாது. அன்னைக்கு அந்த ரெண்டு பேரும் மட்டும் திட்டலை. அவங்களுக்குச் சங்கீதம் தெரியாது போலிருக்குன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

எனக்குச் சந்தேகம் போகவில்லை. சந்தேகப்படுவதற்குத்தானே எனக்குச் சம்பளம். அதே சுரத்தில் இப்போது ஒரு 'ஆ' பாடுங்கள் அத்தை என்று மைக்கை நீட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். குரல் தடித்துப் போயிருந்தது, ஓரமெல்லாம் உதிர்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் அதையும் பெட்டியின் ஒலியையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துச் சுருதிக் கோட்டை வரையவிட்டேன். இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் கீழே தொடங்கி, ஒரே வளைவு வளைந்து, ஒரே உயரத்தில் போய் நின்றன. ஒரே ஆளின் கையெழுத்து இரண்டு காகிதத்தில் இருப்பது மாதிரி. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்தாள், கேட்டாள், பிறகு அம்மாவின் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

எந்தக் கம்பெனியிலும் பழைய ஒலித் தொகுப்புகள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு விலைபோய்க்கொண்டே இருக்கும். புதிதாகப் பதிவுசெய்யச் செலவாகும் என்று மலிவு மாடல்களுக்குப் பழையதைத்தான் போடுவார்கள். அதை மாமியாரிடம் சொன்னேன். அப்படியானால் இந்தப் பெட்டி எத்தனை வீட்டில் இருக்கும் என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் இருக்கும் என்றேன். இதற்கு முன்னால் வேறு பெட்டிகளிலும் இருந்திருக்கலாம் என்றேன். அவர் கையிலிருந்த துண்டின் மீதிப் பாதியையும் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் கல்யாணத்துக்கு என்னைப் பாடச் சொன்னப்போ வெட்கப்பட்டு ஓடிப்போய் ஒளிஞ்சுக்கிட்டேன்," என்றார் கடைசியில். "இப்ப முகம் தெரியாத வீட்டிலயெல்லாம் நின்னு பாடிட்டிருக்கேன் பாருங்க."

பிறகு என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு மேல்பாதிக் கட்டை ஒன்றைத் தானே அழுத்தினார். கூட்டக் குரல் வந்தது. விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். மேல்பாதியில் மெல்லிய குரல் யாருடையது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது.

உச்சி என்கிற அந்த அம்மாள் இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தார். சில வருஷங்களுக்கு முன் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. கழுத்தில் சின்னத் துளை. அதன்மேல் எப்போதும் ஒரு மெல்லிய துணி. மாமியார் வாரம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவார். முன்பெல்லாம் என்னைப் பேசவே விடமாட்டாள், இப்போது எதிர்ப்பேச்சே கிடையாது என்று வந்து சொல்வார். சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

மறுநாள் காலை கீபோர்டை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, மாமியார் முன்னால் போக, நான் மூன்று மாடி ஏறினேன். எடை குறைவு என்பதை நல்ல அம்சங்களில் சேர்த்துக்கொண்டேன்.

உச்சி கதவைத் திறந்தார். ஒல்லியான, நிமிர்ந்த உருவம். என் தோளில் இருந்ததைப் பார்த்துவிட்டு, என்னடி இது என்பதுபோல் மாமியாரிடம் புருவத்தை உயர்த்தினார். உள்ளே வந்து பேசிக்கொள்ளலாம் என்று மாமியார் அவரைத் தள்ளிக்கொண்டே போனார். சாப்பாட்டு மேஜையை ஒழித்துக் கீபோர்டை வைத்தேன். ஸ்டூடியோ, கை தூக்கியவர், ஹெட்போன் என்று மாமியார் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தினார். உச்சி தலையாட்டினார், அது நினைவிருந்தது. நான் மேல்கட்டையை அழுத்தினேன். கூட்டக் குரல் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்பதுபோல் மரியாதைக்குப் புன்னகைத்தார். ஆறு பேர் கூட்டத்தில் தன்னைத் தேட அவருக்கு ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை.

"கும்பல் வேண்டாம்டி. மெல்ல அழுத்து. மெல்ல அழுத்தினா நீ மட்டும் வருவே," என்றார் மாமியார்.

உச்சி உட்கார்ந்தார். அழுத்தினார், கூட்டம் வந்தது. வேகத்தைக் குறைத்தார், மறுபடியும் கூட்டம். இன்னும் குறைத்தார், கட்டை சத்தமில்லாமல் கீழே போய் நின்றது. எனக்குச் சங்கடமாக இருந்தது. உள்ளே ஒரு செட்டிங் இருக்கிறது, அதை மாற்றினால் கொஞ்சம் சுலபமாகும் என்று சொல்லிக் கையை நீட்டினேன். உச்சி என் கையை விலக்கிவிட்டார். கோபமாக இல்லை, சமையலின் நடுவே குறுக்கே வருகிறவரை விலக்குவது போல.

பிறகு முதுகை நேராக்கிக்கொண்டார். தோள்கள் இறங்கின. கழுத்துத் துணி லேசாக உள்ளே போனது. பாடப் போகிறவர்கள் மூச்சை எடுப்பது அப்படித்தான். அந்த மூச்சோடு சேர்த்து விரலையும் இறக்கினார்.

வந்தது.

ஒற்றைக் குரல். மெல்லியது, ஆனால் ஈர்க்குச்சி மாதிரி நேரானது. தொடங்கியபோது அசையவே இல்லை. சற்றுப் பொறுத்து, நீரில் விழுந்த வெளிச்சம் போலச் சின்னதாக ஒரு நடுக்கம் எடுத்தது. மாமியார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நடுக்கத்தைத் தாமதமாகத்தான் விடுவாள், அது அவளுடையதேதான் என்று முணுமுணுத்தார்.

உச்சி கட்டையை விடவில்லை. கண்கள் எதிர்ச்சுவரில் நிலைத்திருந்தன. வாய் திறந்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: அவரும் பாடிக்கொண்டிருந்தார். சத்தம்தான் இல்லை. வயிறு உள்வாங்கி, விலா ஒடுங்கி, எடுத்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து அந்தச் சுரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பெட்டிகளில் குரல் ஓர் இடத்துக்குப் பிறகு தன்னையே சுற்றிச் சுற்றி வரும். விரலை எடுக்கும்வரை முடிவே கிடையாது. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவருடைய மூச்சு தீர்ந்தது. உடம்பு குலுங்கி, கழுத்துத் துணி படபடத்து, அடுத்த மூச்சை இழுத்தார். குரலோ நிற்கவில்லை. துளிகூடத் தளராமல் போய்க்கொண்டே இருந்தது.

அவர் தன் விரலைக் குனிந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"விடுடி, போதும். நம்ம காலத்தில இப்படி மூச்சு இருந்திருந்தா நாயகியைத் தள்ளிட்டு நாமதானே முன்னால நின்னிருப்போம்," என்றார் மாமியார். சொல்லிவிட்டு அந்தச் சுரத்துக்குக் கீழே தானும் ஒரு 'ஆ' எடுத்துப் பாடினார். பழைய பழக்கம், மேலே உச்சி நின்றால் கீழே மந்தரம் நிற்க வேண்டும்.

உச்சி அதைக் கேட்டபடியே இடது கையைக் கொண்டுவந்து, அதே மாதிரி மூச்செடுத்து, கீழ்க்கட்டையை இறக்கினார். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. மாமியாரின் சின்ன வயசுக் குரல், கீழேயிருந்து தொட்டு ஏறி, மாமியாரின் இப்போதைய குரலோடு போய் ஒட்டிக்கொண்டது. மாமியார் சட்டென்று பாடுவதை நிறுத்திவிட்டார். பெட்டிக்குள்ளிருந்த இரண்டு பெண்கள் நிறுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். நான் கீபோர்டின் காலி உறையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். எத்தனையோ பெட்டிகளின் ஒலிகளைத் தட்டித் தட்டி மதிப்பெண் போட்டவன். ஒவ்வொரு ஒலிக்கும் பின்னால் ஓர் உடம்பு இருந்திருக்கும், அது காலையில் எழுந்து, பஸ் பிடித்து, ஸ்டூடியோவுக்கு வந்திருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதே இல்லை.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். கடைக்காரரிடம் சொல்லி அதை நானே எடுத்துக்கொண்டேன். கட்டுரையும் எழுதினேன். கட்டைகள் லேசானவை, மெல்லிய ஒலி சுலபத்தில் அகப்படாது என்பதை எழுதாமல் விடவில்லை; உண்மை உண்மைதானே. ஆனால் முதல் பத்தியில் கோரஸ் ஒலியைப் பற்றி எழுதினேன். அதில் மெல்லப் பாடுகிறவர்கள் இரண்டு பேர் என்றும், மூச்செடுத்துக்கொண்டு வாசியுங்கள் என்றும். ஆசிரியர் போன் செய்து, உடம்பு சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

சில மாதங்கள் கழித்து உச்சியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. மூவரும் வர வேண்டும் என்றிருந்தது. போனோம். பாட்டை அடுக்கடுக்காகப் பதியும் வித்தையை அவர் தானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்த நூற்றுக்கணக்கான ஒலிகளில் மற்ற எதையும் தொடவில்லை. வயலின் இல்லை, மேளம் இல்லை. அந்த 'ஆ' மட்டும். பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

கீழே மாமியாரின் குரல் விரிந்தது. அதன்மேல் ஆறு பேரின் கூட்டம், தூரத்தில் நிற்பதுபோல அடக்கமாக. எல்லாரும் பின்னால் வழிவிட்டு நிற்க, நாயகி வர வேண்டிய இடத்தில் உச்சியின் குரல் வந்தது. எந்தப் பாட்டும் இல்லை அது. அவரே கட்டிய மெட்டு. ஏறியது, யோசித்தது, இன்னும் ஏறியது. யாருக்கும் அவசரமே இல்லாத ஒரு பாட்டு. என் மனைவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். நான் குறை தேடவில்லை. தேடினாலும் அன்றைக்குக் காது ஒத்துழைத்திருக்காது.

திரும்பி வரும்போது மாமியார் படிகளில் கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கினார். கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

"ஒரு இடத்தில அவ லேசா முந்திட்டா, மாப்பிள்ளை. சொல்லணும்னு வாயெடுத்தேன்," என்றார். "அவ மூஞ்சியைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வரலை."