சுண்ணாம்புக் காசு

வால்வுக்காரர் முதலாளிக்குத் தர வேண்டிய பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூற்றைம்பது. மனைவியின் ஆபரேஷனுக்கு வாங்கியது. அதனால் முதலாளி எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வராது.

அவர் வேலை பார்க்கும் பட்டறையில் கிராஃபைட் தூளைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பிறகு ஆசிட்டில் ஊறவைத்து அழுக்கெடுப்பார்கள். ஒரே ஆசிட்டை மூன்று நடை திருப்பிப் போடுவது வழக்கம். ஆசிட் விலை ஏறியதும் முதலாளி அதை ஏழு நடையாக்கினார். பச்சை நிறமாகத் திரிந்துபோன ஆசிட்டைக் கடைசியில் முறிக்க ஒரு லோடு சுண்ணாம்பு வேண்டும். அந்தச் செலவும் இப்போது அவர் கண்ணை உறுத்தியது.

"காஸ்டிக் கழிவு சும்மாதானே கிடக்கு? ரெண்டையும் ஒரே தொட்டியில விடுங்க. ஒண்ணையொண்ணு தின்னுட்டுப் போகட்டும். சுண்ணாம்புக் காசு மிச்சம்."

"தொட்டிக்குப் பக்கத்துக் குழியில என் மச்சான் சகதி அள்ளிட்டிருக்கான் சார். ஏறி வந்துடட்டும்."

"அவரு கதை பேசி முடிச்சு ஏறி வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். திறங்க. பாக்கி ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. வால்வை அரைச் சுற்றுத் திறந்தார்.

"மாமா! அழுகின முட்டை நாத்தம்!" குழிக்குள்ளிருந்து மச்சான் கத்தினான். "முதலாளி இன்னிக்கு நமக்கு விருந்து வைக்கிறாரா?"

நாற்றம் மூக்கைத் துளைத்தது. கொஞ்ச நேரத்தில் சட்டென்று நின்றது.

"பாத்தீங்களா, போயிடுச்சு," என்றார் முதலாளி. கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி அவர் எப்போதோ வாசலுக்குப் போயிருந்தார்.

வால்வுக்காரருக்கு விஷயம் தெரியும். நாற்றம் போகவில்லை, விஷக் காற்றில் மூக்குதான் செத்துவிட்டது. முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி நாற்றம் நின்ற கையோடு இரண்டு பேர் சுருண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். குழியிலும் பேச்சு நின்றிருந்தது.

வால்வை மூடினார். "மச்சான்! டேய்!"

எட்டிப் பார்த்தார்; மச்சான் சகதியில் சரிந்து கிடந்தான். இறங்கினால் தானும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். மூச்சை அடக்கிக்கொண்டு, மச்சான் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தார். எருமைக் கனம் கனத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. முதலாளி கிட்டே வரவில்லை.

வெளியே தரதரவென்று இழுத்துப் போட்டு, கன்னத்தில் அறைந்தார். மூன்றாவது அறைக்கு மச்சான் இருமி வாந்தியெடுத்தான்.

அதற்குள் முதலாளி பாக்கி நோட்டோடு வந்து நின்றார். யாரும் கேட்காமலே வால்வுக்காரரின் பக்கத்தின் குறுக்கே கோடு கிழித்து, தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார்.

"முழுசும் தள்ளியாச்சு. வெளியில மூச்சு விடக் கூடாது."

"தெரிஞ்சேதான் திறக்கச் சொன்னீங்களா சார்?"

முதலாளி பேனாவை மூடினார்.  வால்வுக்காரர் போனை எடுத்தார்.

"ஆம்புலன்ஸா? பட்டறையில விஷக் காத்து அடிச்சு ஒருத்தன் விழுந்துட்டான். ஆமாங்க, போலீசுக்கும் சொல்லிடுங்க."

முதலாளி அவசர அவசரமாக நோட்டில் கிழித்த கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். மை காய்ந்துவிட்டிருந்தது.