பூஜ்ஜியம் அடி

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரி. எல்லாத் துறைப் பாடங்களிலும் வளங்குன்றாமையை, அதாவது இயற்கை வளம் தீராமல் காக்கும் பார்வையை, சேர்க்க ஆசிரியர்களுக்கு உதவும் பொறுப்பு, தாவரவியல் செந்தமிழ்ச்செல்விக்கு. 'உங்கள் பாடத்தில் எப்படிச் சேர்ப்பீர்கள்?' என்று படிவம் கொடுத்தாள். பதினோரு துறைகளும் ஒரே பதில் எழுதின: 'மாணவர்கள் மரம் நடுவர்.' ஆங்கிலத் துறை அனுப்பிய தாளின் தலைப்பில் 'வேதியியல் துறை' என்று இருந்தது. காப்பி அடித்தவர்கள் அதைக்கூட மாற்றவில்லை.

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதினேன்.

'கல்வராயன் மலை பச்சைப் பட்டு உடுத்தி—' (வேண்டாம். அங்கே சாமை அறுக்கிறவருக்கு இடுப்புதான் வலிக்கும், பட்டு தெரியாது.)

'செந்தமிழ்ச்செல்வி கண்ணீருடன்—' (அழவில்லை. எரிச்சல்பட்டாள்.)

நடந்தது இதுதான். கல்லூரி முதல்வர் நாராயணசாமி ஃபைலை மூடினார். "வெள்ளிக்கெழமைக்குள்ள மரம் இல்லாத ஒரே ஒரு பாடம் காட்டும்மா. இல்லன்னா இதோட நிறுத்திக்கலாம்."

அவளுடைய இரண்டு வருட உழைப்பு அந்த ஃபைலுக்குள் இருந்தது.

ஓய்வறையில் புள்ளியியல் தீனதயாளன் சிரித்தார். "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல மரம் எங்க நடணும்னு சொல்லுங்க மேடம், குழிய நானே தோண்டறேன்."

"குழிதான் எல்லார் கொல்லையிலும் தோண்டிக்கினே இருக்காங்களே சார். நாளைக்கு இன்னா நடத்தறீங்க?"

"போக்குக் கோடு, வருசா வருசம் ஏறுதா எறங்குதான்னு காட்டறது. புக்குல சிமெண்ட் உற்பத்தி கணக்கு இருக்குது."

"கோட்டை மாத்தாதீங்க. சிமெண்ட எடுத்துட்டு பசங்க வூட்டு போர்க்கெணறு ஆழத்தப் போடுங்க."

3

(தீனதயாளனை நான் நம்பவில்லை. பதினெட்டு வருடமாக ஒரே நோட்டு. அப்படிப்பட்டவர் ஒரே நாளில் மாறுவாரா? மாறவில்லை. அதே நோட்டுதான் கையில் இருந்தது, எண்கள்தான் வேறு.)

மறுநாள் அவர் வகுப்பில் செந்தமிழ்ச்செல்வி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் பலகையின் மேல் ஓரத்தில் ஒரு படுக்கைக்கோடு போட்டார். அதுதான் தரை. இடமிருந்து வலமாக வருடங்கள், கீழ்நோக்கி ஆழம்.

"எழுவத்தெட்டுல வெட்டுன கெணறு சார், நாப்பதடி," என்றான் தியாகதுருகத்துத் தமிழழகன்.

"தொண்ணூத்தாறு, எரநூத்தம்பது," என்றாள் சங்கராபுரத்துப் பாயிஸா. "போன வருசம் தொள்ளாயிரம் சார். அதுலயும் வெறும் புகைதான்."*

புள்ளிகள் இறங்கின. தீனதயாளன் குனிந்தார், பிறகு மண்டியிட்டார். கடைசிப் புள்ளிக்குப் பலகையில் இடமில்லை, அதைக் கீழே சுவரில் வைத்தார். போர் போட்ட செலவுக்காக அவரவர் வீட்டில் நடக்கும் சண்டையாக மட்டும் அறிந்திருந்ததை, மாணவர்கள் இப்போது ஒரே கோடாகப் பார்த்தார்கள்.

* போர் லாரியில் குழாய் தூக்கியவனாகச் சொல்கிறேன்: அது புகை இல்லை, கல்மாவு. மூன்று நாள் எச்சிலில் வரும்.

4

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலிருந்து வரும் அபிநயா எழுந்தாள். "எங்க ஊருல பூஜ்ஜியம் அடிங்க சார்."

சிரிப்பு.

"இன்னாம்மா, கிண்டலா?"

"இல்லீங்க சார். பாறை இடுக்குல ஊத்து. குனிஞ்சி கையில அள்ளிக்குவோம்."

"எந்த வருசம்?"

"எல்லா வருசமுங்க சார். கோடையில கம்மியாவும், ஆனா நிக்காது. மிச்சந்தான் கோமுகி அணைக்கு எறங்குது."

தீனதயாளன் எழுந்து கையை உயர்த்திப் புள்ளி வைத்தார். அடுத்த வருடத்துக்கு ஒன்று, அதற்கடுத்த வருடத்துக்கு ஒன்று. எல்லாம் அவர் முதலில் போட்ட தரைக்கோட்டின் மேலேயே விழுந்தன. முழங்காலில் சாக்பீஸ் தூளோடு பின்னால் வந்து பார்த்தார். மேலே அந்தக் கோடு நிற்க, அதிலிருந்து ஊரே சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றார், டஸ்டர் கையில். "கூட்டத்துல சேராத எண்ணை அடிச்சிடணும்னு என் நோட்டுல இருக்குது. இங்க எதை அடிக்கறது?"

செந்தமிழ்ச்செல்வி கேட்டது ஒரு பாடம்தான். இவ்வளவு பெரியதைக் கேட்கவில்லை.

5

முடிவையும் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்:

(அ) கல்லூரியை மதிப்பிட வந்த ஆய்வுக்குழு கைதட்டுகிறது. (குழு எதுவும் கைதட்டி நான் பார்த்ததில்லை.)

(ஆ) மணி அடிக்கிறது. அவர் அழித்துவிடுகிறார். (நடக்கக்கூடியது. அதனால்தான் பயம்.)

(இ) வாசலில் முதல்வர் நிற்கிறார். எப்போது வந்தாரென்று யாருக்கும் தெரியாது. மூடிய ஃபைல் கக்கத்தில். பலகையை, சுவரை, மறுபடி மேலே அந்தக் கோட்டைப் பார்க்கிறார்.

"எங்க கொல்லையில ஆயிரத்து எழுவது. அதையும் போடுங்க சார்."

அந்தப் புள்ளிக்குச் சுவரிலும் இடமில்லை, தரையில்தான். தீனதயாளன் மறுபடி மண்டியிடுகிறார்.

ஃபைலைப் பற்றி முதல்வர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. டஸ்டரை உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன். எடுப்பதற்கு முன் ஒன்று: உங்கள் வீட்டில் எத்தனை அடி?