முன்னால் போன குரல்

அடி அண்ணாமலைப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தடுமாறிய நால்வரைத் தமிழ்செல்வி டீச்சர் தினமும் வராந்தாவில் தனியே அமர்த்திப் படிக்க வைத்தார். நால்வரும் சேர்ந்து வாசித்தால் குரல் பிசிறின்றி வந்தது. மகிழ்ந்துபோனவர், திங்கட்கிழமை முதல் அவர்களை வகுப்புக்கே அனுப்பிவிடலாம் என்று தலைமையாசிரியை ராஜம்மாளிடம் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. நால்வரில் ஒருத்தியான அபிநயா, கிரிவலப் பாதையில் அப்பா போட்ட மோர்க்கடையில் உதவிக்கு நின்றுவிட்டாள். பாலாஜி, சினேகா, வல்லரசு மூவரும் வந்திருந்தார்கள். பனங்காட்டில் வழி தவறிய நரிக்குட்டியின் கதையை டீச்சர் புதிதாக விரித்துவைத்தார்.

"வாசிங்க."

மூன்று வாய்களும் திறந்தன. ஓசை எழவில்லை.

"ஏன், என்னாச்சு?"

"அபி இன்னும் ஆரம்பிக்கலையே டீச்சர்," என்றாள் சினேகா.

"அவ மோர் விக்கப் போயிட்டா," என்று சிரித்தான் வல்லரசு. "அவ ஆரம்பிச்சாதான் நாங்க பின்னாடியே வருவோம்."

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது: மந்தையில் முன்னால் செல்லும் ஆட்டின் மணியோசையைக் கேட்டே மற்ற ஆடுகள் நடந்திருக்கின்றன. பாதையை அவை பார்க்கவே இல்லை.

சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது டீச்சருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பேசாதிருந்தால், பெரிய வகுப்பின் இரைச்சலில் இம்மூவரும் வாயை மட்டும் அசைத்தே வருடத்தைக் கடத்திவிடுவார்கள். அவர் எழுந்து தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்.

"அபிநயா மட்டும் போவட்டுங்க மேடம். மத்த மூணு பேருக்கும் இன்னும் படிக்க வரல."

"நல்லா படிக்குதுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சேர்ந்து படிச்சதைக் கேட்டு ஏமாந்துட்டேங்க."

ராஜம்மாள் தலையசைத்தார். "சரி, வச்சிக்கோங்க. இந்தத் தடவை ஒவ்வொருத்தரா கேளுங்க."

திரும்பி வந்த டீச்சர் பாலாஜியின் அருகில் தரையில் அமர்ந்தார்.

"இன்னைக்கு நீ ஒருத்தன்தான் படிக்கப் போற. நரிக்குட்டி என்னாச்சுன்னு நீ சொன்னாதான் எங்களுக்குத் தெரியும்."

பாலாஜி விரலை எழுத்தின்மேல் வைத்தான். உதவ வாயெடுத்த சினேகாவை டீச்சர் கண்ணாலேயே அடக்கினார். ஒரு சொல் வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று வந்தது.

வல்லரசுவால் பொறுக்க முடியவில்லை. "டேய், அது வூட்டுக்குப் போச்சா இல்லியாடா?"

"இருடா," என்றான் பாலாஜி, விரலை எடுக்காமல். "அது இன்னும் பனமரத்தாண்டயே நிக்குது."